டி விசில்: இரண்டு கட்டை சுருதியில் ஓர் அயர்லாந்துக் குழல்

அயர்லாந்து இசையை வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் வழி டின் விசில். ஹார்ப்பும் அயர்லாந்துக்காரர்களின் காற்றுப்பைக் குழலும் நம் ஊரில் யோசிக்கக்கூட முடியாத விலை. விசில் அப்படியில்லை. ஒரு பித்தளைக் குழாய், ஆறு துளை, மேலே ஒரு பிளாஸ்டிக் தலை, அவ்வளவுதான் கருவி. அதில், டி என்ற மேற்கத்தியச் சுரத்தை அடிச் சுரமாகக் கொண்ட பித்தளை டி விசிலைத்தான் இங்கே பார்க்கிறோம். திருநெல்வேலி வெயிலில், நம் சுருதிக் கணக்கில், புல்லாங்குழல் பழகிய கையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜிக், ரீல் என்ற அயர்லாந்து நடன மெட்டுகளை வாசிக்க, பிள்ளைகளுக்கு முதல் காற்றுக் கருவியாகக் கொடுக்க, மார்ச் 17-ஆம் தேதி புனித பாட்ரிக் நாளுக்குப் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி வைக்க, தாராளமாக வாங்கலாம். தோடி ஆலாபனை செய்ய வேண்டுமா? பணத்தை மிச்சப்படுத்தி ஒரு நல்ல மூங்கில் குழல் வாங்குங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்கு அயர்லாந்து ஒன்றும் அந்நியமில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1814-இல் பிறந்தது ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில். டோனாவூரில் இல்லம் நடத்திய ஆமி கார்மைக்கேல் 1867-இல் பிறந்தது டவுன் மாவட்டத்து மில்லைல் ஊரில். கால்டுவெல்லின் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், அவரை எப்படி அயர்லாந்துக் கணக்கில் சேர்க்கலாம் என்று யாராவது கேட்டால், அதே கேள்வியை இந்த விசிலிடமும் கேட்கலாம். இதைத் தகரத்தில் அடித்து மலிவாக விற்கத் தொடங்கிய ராபர்ட் கிளார்க் இங்கிலாந்துக்காரர். 1843-இல் சஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பித்து, பிறகு மான்செஸ்டருக்குப் போனார். வாசித்து வாசித்து அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டவர்கள் அயர்லாந்துக்காரர்கள்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். டவுணிலோ ஜங்ஷன் பக்கமோ இசைக்கருவிக் கடையில் "விசில்" என்று கேட்டால் பெரும்பாலும் பள்ளிக்கூட ரெக்கார்டரை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு கருவி. பின்பக்கம் கட்டைவிரலுக்குத் துளை இருந்தால் ரெக்கார்டர் என்று தெரிந்துகொள்ளலாம். விசிலுக்கு முன்பக்கம் ஆறு துளை மட்டுமே. ஆகவே இணையத்தில் வரவழைப்பதுதான் நடைமுறை. ஜெனரேஷன், ஃபடோக், வால்டன்ஸ், கிளார்க் ஆகியவை பழகிய பெயர்கள். அயர்லாந்தில் பத்துப் பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைப்பது, அனுப்புச் செலவும் வரியும் ஏறி இங்கே அதைப்போல இரண்டு மடங்காகக்கூட ஆகலாம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் முதல் வருடத்தில் காதுக்குத் தெரியாது.

பக்கத்தில் "டி" என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சி, பி ஃப்ளாட், எஃப் என்று பல அளவுகள் ஒரே படத்தோடு விற்பனைக்கு வரும். சுருதி 1 கட்டைக்குச் சரியாக இருக்கும் என்று சிலர் சி வாங்கிவிடுகிறார்கள். வாய்ப்பாட்டுக்குத் துணையாக வாசிக்கவென்றால் அதில் தப்பில்லை. ஆனால் அயர்லாந்து மெட்டுகள் டி விசிலின் விரல் அமைப்புக்கென்றே உட்கார்ந்தவை. பதிவுகளோடு சேர்ந்து வாசித்துப் பழகவும் டி-தான் வேண்டும்.

டி என்றால் நம் கணக்கில் 2 கட்டை. ஆறு துளையையும் மூடினால் ச. கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தால் ரி, க, ம, ப, த என்று ஏறி, எல்லாம் திறந்தால் நி. நேராகச் சங்கராபரணம். இங்கேதான் புல்லாங்குழல்காரர்கள் தடுமாறுவார்கள். கர்நாடகக் குழலில் ஆறு துளை மூடினால் ம, இரண்டு மூடினால் ச. விசிலில் இரண்டு மூடினால் ப. விரலுக்குப் பழகிய இடமெல்லாம் வேறு சுரமாகப் பேசும். சுரத்தை வாயில் சொல்லிக்கொண்டே சரளி வரிசையை மெதுவாக ஓட்டுங்கள். விரலை மட்டும் நம்பினால் பழைய குழல் உள்ளே புகுந்துவிடும்.

மேல் ஸ்தாயிக்கு அதே விரல், மூச்சு மட்டும் கொஞ்சம் அழுத்தம். மேல் ச-வுக்கு ஊதுவாய்ப் பக்கமுள்ள முதல் துளையைத் திறந்து மற்ற ஐந்தையும் மூடினால் சுத்தமாக எழும். கைசிகி நிஷாதம், அதாவது சி நேச்சுரல், வேண்டுமென்றால் முதல் துளையைத் திறந்து, இரண்டையும் மூன்றையும் மூடி, கீழ் மூன்றையும் திறக்க வேண்டும். இந்த ஒரு விரலமைப்பு வந்துவிட்டால் ஹரிகாம்போதி கைக்குள். அரைத் துளை மூடியும் எடுக்கலாம், ஆனால் ரீல் வேகத்தில் அது நிற்காது.

கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கருவி விருந்து. அயர்லாந்து மெட்டுகளில் பல சாதாரண மேஜரில், அதாவது சங்கராபரணத்தில், முடிவதில்லை. ஈ-யை ச-வாக வைத்து முடியும் மெட்டுகள் நம் காதுக்குக் கரகரப்பிரியா. ஏ-யை ஆதாரமாக வைத்தால் ஹரிகாம்போதி, பி-யை வைத்தால் நடபைரவி. விரல் மாறாமல் ச மட்டும் இடம் மாறும். தம்பூரா செயலியை மெட்டு முடியும் சுரத்துக்கு வையுங்கள். டி-யில் முடிந்தால் 2 கட்டை, ஈ-யில் முடிந்தால் 3, ஜி-யில் முடிந்தால் 5. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 2 கட்டையே ஓடவிட்டு, "இந்தப் பாட்டு ஏதோ சுருதி சேரவில்லையே" என்று விசிலைக் குற்றம் சொல்வது அடிக்கடி நடக்கும்.

முதல் மெட்டாக எதை எடுப்பது? நமக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது எட்டயபுரத்தில். மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்தியங்களில் "வந்தே மீனாட்சி" அமைந்திருக்கும் மெட்டு, கார்க் மாவட்டத்து மாலோ ஊரின் பெயரைத் தாங்கிய "ரேக்ஸ் ஆஃப் மாலோ" என்ற அயர்லாந்து மெட்டேதான். பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதனால் பாதி வேலை முடிந்தது. இதை ஜி-யை ச-வாக வைத்து எடுங்கள். டி விசிலில் ஆறு துளை மூடிய சுரத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, மந்தர ஸ்தாயி கிடையாது. ச-வுக்குக் கீழே நி, த தொடும் எந்த மெட்டையும் ஜி-யில்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்போது ம என்பது சி நேச்சுரல் ஆகிவிடும், மேலே சொன்ன குறுக்கு விரல் தேவைப்படும். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டையும் இதில் ஆசைப்பட்டு எடுப்பார்கள். கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம், அவசரமில்லை.

பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. ஆறு துளையையும் விரலின் சதைப் பகுதியால் மூடி, பேச்சு மூச்சில் ஊதுங்கள். கீழ் ச நிலையாக நிற்க வேண்டும். மெல்ல ஊதும்போதே மேல் ஸ்தாயிக்குத் துள்ளினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, விரல் ஒழுகுகிறது. ஐந்தாவது துளை பெரியது, சின்னப் பிள்ளைகளின் கீழ்க் கை நடுவிரல் அங்கே நழுவும். ஆறு துளையையும் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டு ஊதிப் பாருங்கள், அப்போதும் துள்ளினால் கோளாறு தலையில். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊதுவாய் வழியாகப் பாருங்கள். காற்றுப் பாதையின் மறுமுனையில், காற்றைக் கிழிக்கும் அலகு நேராக, பிசிறில்லாமல் தெரிய வேண்டும். அச்சில் வார்க்கும்போது விட்ட பிளாஸ்டிக் பிசிறு மயிரிழை அளவு இருந்தாலும் ஒலி கரகரக்கும். அதைப் புது பிளேடு நுனியால் ஒரே இழுப்பில் எடுக்கலாம். அலகைச் சுரண்டக் கூடாது. அலகு மழுங்கினால் தலையை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது சுருதி. இந்த ஊரில் இதுதான் பெரிய விஷயம். இந்தக் கருவிகள் குளிர் நாட்டு அறை வெப்பத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. காற்று ஒரு டிகிரி சூடானால் குழல் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். ஓர் அரைச் சுர இடைவெளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். குழாய்க்குள் எப்படியும் மூச்சுச் சூடு இருப்பதால் முழுக் கணக்கும் ஏறாது. ஆனாலும் சித்திரை மதியத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் பாளையங்கோட்டைப் பள்ளி அரங்கில், செயலிச் சுருதிக்கு மேலே 20 சென்ட் அளவுக்கு விசில் நிற்பதில் ஆச்சரியமில்லை. தலையைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் இறங்கும்.

இங்கேதான் முதல் சிக்கல். பல விசில்களில் தலையைப் பசை போட்டு ஒட்டியே அனுப்புகிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் விட்டு, தலைப் பகுதியை மட்டும் அரை நிமிடம் அமிழ்த்துங்கள். எடுத்து, துணியால் பிடித்துத் திருகுங்கள். இழுக்க வேண்டாம், திருகினால் பசை விடும். வரவில்லையென்றால் மறுபடியும் அமிழ்த்துங்கள். குறடு போட்டுப் பிடித்தால் பித்தளைக் குழாய் நசுங்கும், தலை விரிசல் விடும். கழன்ற பிறகு குழாய் முனையில் ஒட்டியிருக்கும் பசையைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். பிடி தளர்ந்து காற்று ஒழுகினால் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றலாம். எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும்.

எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஒரு கணக்கு. 1 மில்லிமீட்டர் இழுத்தால் கீழ் ச சுமார் 6 சென்ட் இறங்கும். ஆனால் எல்லாத் துளையும் திறந்த நி அதே 1 மில்லிமீட்டருக்கு 11 சென்ட் வரை இறங்கும், ஏனென்றால் அதன் காற்றுத் தூண் கிட்டத்தட்டப் பாதி நீளம்தான். 20 சென்ட் இறக்க 3 மில்லிமீட்டர் இழுத்தால் ச சரியாகிவிடும், த-வும் நி-யும் தாழ்ந்து நிற்கும். ஆகவே பாதியை இழுத்துச் சரிசெய்து, மீதியை மூச்சில் சமாளிக்க வேண்டும். கீழ்ச் சுரங்களுக்கு மூச்சை இளக்கி, மேலே போகப் போகக் கொஞ்சம் கூட்டினால் போதும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இழுத்து வாசிக்கிற நிலை வந்தால், அந்த விசில் நமக்கு ஒத்துவராது.

இரண்டாவது சிக்கல், அடைப்பு. மூச்சின் ஈரம் குளிர்ந்த ஊதுவாயில் திவலையாகி, காற்றுப் பாதையை அடைத்துவிடும். பாதி சுரத்தில் ஒலி மங்கி, பிறகு செத்துவிடும். ஏசி அரங்கிலும், குற்றாலச் சாரல் காலத்து ஈரக் காற்றிலும் இது அதிகம். வாசிக்கும் முன் தலையைக் கைக்குள் பொத்தி ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, தண்ணீர் நாலைந்து சொட்டு கலந்து, ஊதுவாய் வழியாக விட்டு, துடைக்காமல் காய விடுங்கள். அதன் பிறகு ஈரம் திவலையாக நிற்காமல் படலமாக வழிந்துவிடும். இந்தப் பூச்சு நிரந்தரமில்லை, அடைப்பு மறுபடி தலைகாட்டினால் மறுபடி போட வேண்டும். மேடையில் நடுவே அடைத்துக்கொண்டால், அலகைத் தொடாமல் சன்னலை (அலகு இருக்கும் திறப்பை) விரலால் மூடிப் பலமாக ஒரு ஊது ஊதுங்கள். சத்தமில்லாமல் தண்ணீர் வெளியேறும்.

மூன்றாவது ஒரு சின்னத் திருத்தம், விருப்பமிருந்தால். மலிவான பிளாஸ்டிக் தலைகளில் காற்றுப் பாதையின் தரைக்கு அடியில் ஒரு வெற்றுக் குழி இருக்கும். அதனால் மேல் ஸ்தாயியில் சீறல், கீழ் ச-வில் பலவீனம். தலையைக் கழற்றி, சுவரில் படம் ஒட்டும் நீலப் பசைக் களிமண்ணை ஒரு பட்டாணி அளவு எடுத்து, உள்பக்கமாகக் குழிக்குள் அமுக்கி, தீக்குச்சியின் பின்முனையால் சமமாக்குங்கள். தரைமட்டத்துக்கு மேலே ஒரு துளிகூட நீட்டக் கூடாது, நீட்டினால் ஒலியே வராது. தேன்மெழுகும் போடலாம் என்பார்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் அது இளகி நகரும். எம்-சீல் வேண்டவே வேண்டாம், தப்பாகப் போட்டால் திரும்ப எடுக்க முடியாது.

வாசிப்பில் இதன் ருசி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தால், இது கமகக் கருவி அல்ல என்பது விளங்கும். துளைகள் சின்னவை, உலோக விளிம்பு கூர்மையானது. விரலை உருட்டி ஓரளவு ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கல்) கிடைக்கும், கம்பிதம் (சுரத்தை அசைப்பது) கிடைக்காது. இதன் அழகு வெட்டிலும் தட்டிலும். ஒரே சுரம் இரண்டு முறை வந்தால் நாக்கால் பிரிக்காமல், மேலே ஒரு விரலை மின்னல் வேகத்தில் தூக்கி வைத்துப் பிரிப்பது வெட்டு. டி முதல் ஜி வரை மூன்றாம் துளை விரலைத் தூக்கலாம். ஏ, பி சுரங்களுக்கு முதல் விரல். மூடாத துளையை ஒரு விரலால் சட்டென்று அடித்து எடுப்பது தட்டு. இரண்டையும் சேர்த்து ம, வெட்டு, ம, தட்டு, ம என்று ஒரே மூச்சில் வந்தால் அதுதான் ரோல். தூக்கிய விரலின் சுரம் தனியாகக் காதில் விழுந்தால் விரல் மெதுவாகப் போகிறது என்று பொருள். ஜண்டை வரிசையை நாக்கைத் தொடாமல் வெட்டு மட்டும் போட்டுப் பழகினால் பத்துப் பாடம் படித்ததற்குச் சமம். ஆறு துளையும் மூடிய ச-வில் தட்டுவதற்குக் கீழே துளை இல்லை. அங்கே இரண்டு மூன்று வெட்டுகளை அடுக்குவார்கள்.

லயம் நமக்குக் கஷ்டமில்லை, ஆனால் ஒரு கண்ணி உண்டு. ஜிக் என்றால் தகிட தகிட. ஸ்லிப் ஜிக் என்றால் தகிட மூன்று. ரீல் என்றால் தகதிமி. ஜிக்கின் தகிடவை நாம் கொன்னக்கோல் போல மூன்றையும் சரிசமமாகச் சொன்னால் மெட்டு படுத்துவிடும். முதல் எழுத்து கொஞ்சம் நீண்டு, நடு எழுத்து குறுகி, மூன்றாவது அடுத்த தாளத் தட்டை நோக்கிச் சாய வேண்டும். நடனத்துக்கான இசை, கால் தூக்க இடம் கொடுக்க வேண்டும். கிளேர் மாவட்டத்து மிக்கோ ரஸ்ஸல் வாசிப்பைக் கேட்டால் அலங்காரம் குறைவாக இருந்தும் எப்படி ஆடவைக்கிறார் என்பது புரியும். விரலின் துல்லியத்துக்கு மேரி பெர்கின்.

நிகழ்ச்சிக்கு நேரம் கணக்கிடுகிறவர்களுக்கு: பெரும்பாலான மெட்டுகள் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 8 பார், ஒவ்வொன்றையும் இரண்டு முறை, ஆக மொத்தம் 32 பார். ஜிக்கில் ஒரு பார் என்பது இரண்டு தாளத் தட்டு, ஆகவே நிமிடத்துக்கு 110 தாளத் தட்டு வேகத்தில் ஒரு ஜிக் ஒரு சுற்று 35 விநாடியில் முடிந்துவிடும். மூன்று சுற்று, அப்படியே நிறுத்தாமல் அடுத்த ஜிக் மூன்று சுற்று என்று கோத்தால் மூன்றரை நிமிடம். பிள்ளைகளை 110-இல் ஓடவிடாதீர்கள், 80 போதும். தொடக்கத்தில் பி, ஏ, ஜி, அதாவது த, ப, ம மூன்று சுரத்திலேயே நிறுத்துங்கள். கீழ்க் கை விரல்களை முதல் நாளே வைக்கச் சொன்னால் கீச்சுச் சத்தத்தில் வீடே எழுந்து ஓடும்.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. கிளார்க்கின் பழைய பாணியில் தகரத்தைச் சுருட்டி மரக்கட்டை செருகிய கூம்பு விசில் மூச்சு கலந்த இனிய ஒலி தரும், தனியாக வாசிக்கப் பித்தளையைவிட அழகு. ஆனால் தலையைக் கழற்ற முடியாது, சுருதியைத் தொட முடியாது. பூச்சு உரிந்த இடத்தில் திருச்செந்தூர், உவரி போன்ற கடற்கரைக் காற்று துருவாக்கிவிடும். மரக்கட்டை ஈரத்தில் உப்பும். அலுமினிய விசில்கள் ஒலி கனம், சுருதி திருத்த வசதி, விலையும் கனம். முதல் கருவியாக வேண்டாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பித்தளை கறுத்தால் தலையைக் கழற்றிவிட்டு, குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கலாம். கறுப்பு ஒலியைக் கெடுக்காது, விரலில் பச்சை ஒட்டுவதுதான் தொந்தரவு. வாயில் வைக்கும் கருவி, ஆளுக்கொன்று வாங்குங்கள்.

கடைசியாக மைக். விசிலின் ஒலி ஊதுவாயிலிருந்து வருவதில்லை, சன்னலிலிருந்தும் திறந்த துளைகளிலிருந்தும் வருகிறது. மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் மூச்சுக் காற்றுத்தான் பாடும். சன்னலுக்குச் சற்று மேலே, ஒரு சாண் தள்ளி, சாய்வாக வைக்கச் சொல்லுங்கள். கருவி எட்டும் ஆக உயர்ந்த ச இரண்டாயிரத்து முன்னூறு ஹெர்ட்சைத் தாண்டும், ஸ்பீக்கரில் காதைக் குத்தும், ஆகவே ட்ரெபிளைக் குறைக்க வேண்டும். கோயில் கொடைக்குப் போடுகிற எக்கோவை மைக்செட் அண்ணாச்சி பழக்கத்தில் இதற்கும் போட்டுவிடுவார். போட்டால் வெட்டும் தட்டும் ஒன்றோடொன்று குழம்பி, ரோல் வெறும் இரைச்சலாகக் கேட்கும். ஒலிச்சோதனையின்போதே பக்கத்தில் நின்று அதை முழுதாக அணைக்கச் சொல்லிவிடுங்கள்.